கழுத்தில் ஒரு சிறு கீறல்: பராதைரொயிட் சத்திரசிகிச்சையும் வன்னி நிலமும்

மருத்துவ விஞ்ஞானத்தில் ஏற்படும் முன்னேற்றங்கள் பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகின்றன. எந்தக் கருவி எந்த மக்களைச் சென்றடைந்தது, எவரைச் சென்றடையவில்லை என்னும் வினா அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகின்றது. மிகைத்தொழிற்பாடுடைய பராதைரொயிட் சுரப்பியைச் சிறு கீறலினூடாக அகற்றும் சத்திரசிகிச்சைமுறை கடந்த முப்பது ஆண்டுகளில் உலகெங்கும் பரவியுள்ளது. இம்முறையின் விஞ்ஞான அடிப்படையை விளக்குவதும், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பின் நோய்நிலைமைகளுடன் அதனைப் பொருத்திப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

கழுத்தின் முற்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, கேடயம் போன்று அமைந்திருப்பது தைரொயிட் சுரப்பியாகும். அதன் பின்புறத்தே ஒட்டினாற்போல நான்கு நுண்ணிய சுரப்பிகள் உள. இவையே பராதைரொயிட் சுரப்பிகள். பெயரொற்றுமையும் அயல்வாசமும் தவிர இவற்றுக்கும் தைரொயிட்டுக்கும் தொழில்முறைத் தொடர்பு யாதும் இல்லை. ஒவ்வொன்றும் 30 முதல் 50 மில்லிகிராம் வரையிலான எடையுடையது; அதாவது ஒன்றிரண்டு நெல்மணிகளின் எடை. இத்துணைச் சிறிய உறுப்பு செய்யும் பணியோ பெரிது. இரத்தத்திலுள்ள கல்சியத்தின் அளவை மிகக் குறுகிய எல்லைக்குள், அதாவது 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற அளவில், பேணுவதே அப்பணியாகும். நரம்பின் கடத்தல், தசையின் சுருக்கம், இதயத்தின் துடிப்பு யாவும் இவ்வளவிலேயே தங்கியுள்ளன.

கல்சியம் குறையுமாயின் இச்சுரப்பிகள் தம் ஓமோனை மிகுதியாகச் சுரக்கும். அவ்வோமோன் என்பிலிருந்து கல்சியத்தை விடுவிக்கும். சிறுநீரகம் கல்சியத்தை வீணே வெளியேற்றாது தடுக்கும். சிறுநீரகத்தில் விற்றமின் டீயைச் செயற்படு நிலைக்கு மாற்றி, அதன்வழி குடல் உணவிலிருந்து கல்சியத்தைக் கூடுதலாக உறிஞ்சச் செய்யும். கல்சியம் போதிய அளவை எட்டியதும் சுரப்பு அடங்கும். குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்துத் துருசைத் திறந்தும் மூடியும் வரும் காவலாளியின் தொழிலை ஒத்தது இது. நான்கு சுரப்பிகளுள் ஒன்று கட்டியாகப் பருத்து, நீர்மட்டத்தைப் பாராது துருசைத் திறந்தபடியே விட்டுவிடும் நிலைதான் முதன்மைப் பராதைரொயிட் மிகைத்தொழிற்பாடு. என்பு தேயும், கல்சியம் சிறுநீரகத்திற் கல்லாகப் படியும், வயிற்றுநோ, மலச்சிக்கல், ஓயாத் தாகம், தசைத்தளர்ச்சி, மனச்சோர்வு என்பன தோன்றும். இந்நோயாளருள் நூற்றுக்கு 80 முதல் 85 வரையானோரில் ஒரேயொரு சுரப்பியே பழுதுற்றிருக்கும். அக்கட்டியும் பெரும்பாலும் புற்றுநோய் அன்று. எனவே அந்த ஒன்றை அகற்றினால் நோய் தீரும். நாட்பட்ட நோய்கள் பலவற்றைக் கட்டுப்படுத்த மட்டுமே முடிகின்ற இக்காலத்தில், ஒரு சத்திரசிகிச்சையால் முற்றாகத் தீர்க்கப்படத்தக்க நோய் இது என்பது குறிப்பிடத்தக்கது.

இச்சுரப்பிகள் மருத்துவ உலகின் கண்ணிற் பட்ட வரலாறு சுவையானது. லண்டன் விலங்ககத்தில் இறந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்றை 1850 இல் கூறிட்டு ஆராய்ந்த ரிச்சார்ட் ஓவன், அதன் தைரொயிட்டின் அருகே சிறியதொரு சுரப்பியைக் கண்டு குறித்து வைத்தார். மனிதனில் அவற்றை முறையாக விவரித்தவர் சுவீடனின் உப்சாலாவில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த ஐவார் சான்ட்ஸ்ட்ரோம் என்னும் மாணவராவார். அவரது கட்டுரை 1880 இல் சுவீடிஷ் மொழியில் வெளிவந்தது. பிரான்சின் கிளே 1891 இல் இச்சுரப்பிகளை மீளக் கண்டறியும்வரை அதனைப் பொருட்படுத்தியவர் சிலரே. ஈண்டு ஒன்றைச் சொல்லத் தோன்றுகின்றது. மானிப்பாயில் தமிழில் மேலைமருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் வெளியிட்ட ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872 இல் அச்சேறியது. அந்நூலிற் பராதைரொயிட் இல்லையெனின் அது தமிழின் குறையன்று. அவ்வாண்டில் உலகின் எம்மொழி நூலிலும் அது இல்லை. உடற்கூற்றியலில் ஒரு காலத்தில் நாம் ஐரோப்பாவுடன் ஏறக்குறைய ஒரே வரிசையில் நின்றோம் என்பதை, தமிழில் விஞ்ஞானம் எழுத இயலாதென்போர் எண்ணிப் பார்த்தல் தகும்.

முதலாவது சத்திரசிகிச்சை 1925 இல் வியன்னாவில் நிகழ்ந்தது. நோயாளி ட்ராம் வண்டியிற் பணிபுரிந்த ஒரு தொழிலாளி; என்புகள் நலிந்து, நடக்கவியலாது படுக்கையிற் கிடந்தவர். என்புநோயின் விளைவாகவே சுரப்பி பருக்கின்றது, ஆதலால் நோயாளிக்கு இன்னும் கூடுதலான சுரப்பியே தேவை என்பது அக்காலத்தின் செல்வாக்குப் பெற்ற கொள்கை. அதன்வழி நின்று பீலிக்ஸ் மாண்டல் முதலிற் சுரப்பிச் சாற்றைக் கொடுத்தார். பின்னர் வேறொருவரின் சுரப்பியை ஒட்டிப் பார்த்தார். பலன் இல்லை. அதன்பின்னரே காரணத்தையும் காரியத்தையும் தலைகீழாக்கிச் சிந்தித்து, பருத்திருந்த சுரப்பியை அகற்றினார். நோயாளி எழுந்து நடந்தார். சில ஆண்டுகளின் பின் நோய் மீண்டு அவர் இறந்தாராயினும், நோயின் ஊற்று எங்குள்ளது என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுவிட்டது.

அமெரிக்காவில் நிகழ்ந்த சார்ள்ஸ் மார்ட்டெலின் கதை இன்னும் துயரமானது. வணிகக் கப்பலின் தலைவராயிருந்த அவரது உயரம் என்புநலிவினால் ஏறத்தாழ ஏழு அங்குலம் குறைந்தது. கழுத்தைத் திறந்து திறந்து தேடினர், கட்டி அகப்படவில்லை. 1932 இல், ஏழாவது சத்திரசிகிச்சையிலேதான் அது மார்பறையினுள் இருப்பது தெரிந்தது. சில வாரங்களின் பின், சிறுநீர்க் கல்லின் தொல்லைக்கான சிகிச்சையைத் தொடர்ந்து அவர் காலமானார்.

கழுத்துச் சுரப்பி மார்பினுள் எவ்வாறு சென்றது என்ற வினாவுக்கு முளையவியல் விடை தருகின்றது. கருவில், கீழ்ச்சோடிப் பராதைரொயிட்டுகள் தைமசுச் சுரப்பியுடன் ஒரே இடத்திற் பிறந்து, அதனுடன் கூடவே கீழிறங்குகின்றன. சில வேளைகளில் அவை வழியில் நின்றுவிடும். சில வேளைகளிற் கூடவே மார்புவரை சென்றுவிடும். ஆகவே தாடைக்கு அருகிலிருந்து இதயத்தின் மேற்புறம் வரை எங்கும் அவை காணப்படலாம். இக்காரணத்தினாலேயே, கழுத்தின் இருபுறத்தையும் திறந்து நான்கு சுரப்பிகளையும் கண்ணாற் கண்டு, பருத்ததை அகற்றுவது அரை நூற்றாண்டுக்கு மேலாக நியமமான முறையாயிருந்தது. அனுபவம் மிக்க வைத்தியரின் கையில் இம்முறை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குணமளித்தது. சுரப்பியைத் தேடும் படப்பிடிப்புகளிலும் பார்க்க நல்லதொரு சத்திரசிகிச்சை நிபுணரைத் தேடிப்பிடிப்பதே மேல் என்னும் பொருள்பட அமெரிக்கக் கதிரியல் அறிஞர் ஜோன் டொப்மன் கூறியமை இத்துறையில் இன்றும் நினைவுகூரப்படுகின்றது.

பழுதுற்றது ஒன்றே என்றால் நான்கையும் ஏன் தேடவேண்டும்? அந்த ஒன்று எங்குள்ளதென முன்கூட்டியே தெரிந்தால் அதன்மேல் மட்டும் கீறினாற் போதாதா? சிறு கீறல் முறையின் தர்க்கம் இவ்வளவே. இதனைச் சாத்தியமாக்கியவை மூன்று வேறு துறைகளின் கண்டுபிடிப்புகளாகும்.

இரத்தத்தில் மிக நுண்ணிய அளவிற் காணப்படும் ஓமோன்களை அளக்கும் கதிரியக்க நோயெதிர்ப்பு முறையை சொலமன் பெர்சனும் றொசலின் யலோவும் உருவாக்கினர். 1963 இல் அது பராதைரொயிட் ஓமோனுக்கும் விரிவாக்கப்பட்டது. இம்முறைக்காக யலோ 1977 இல் நோபல் பரிசு பெற்றார். இரண்டாவது, சுரப்பியைப் படம்பிடிக்கும் முறை. இதயத்தின் குருதியோட்டத்தை அறிவதற்கெனத் தயாரிக்கப்பட்ட தெக்னீற்றியம் செசுற்றமிபி என்னும் கதிரியக்கச் சேர்வை, பருத்த பராதைரொயிட்டிலும் தங்குவது 1989 இல் அறியப்பட்டது. அச்சேர்வை தைரொயிட்டிலிருந்து விரைவிற் கழுவப்பட்டுவிட, பராதைரொயிட் கட்டியில் நெடுநேரம் நிற்கும். ஊசி ஏற்றிய சில நிமிடங்களில் ஒரு படமும், இரண்டு மணித்தியாலம் அளவிற் பின்னர் ஒரு படமும் எடுத்து ஒப்பிட்டால், மறையாது நிற்கும் புள்ளியே நாம் தேடும் கட்டி. கழியொலிப் படமும் அதே இடத்தைக் காட்டுமாயின் நம்பிக்கை உறுதியாகின்றது.

மூன்றாவதே மிக நுட்பமானது எனலாம். பராதைரொயிட் ஓமோன் இரத்தத்தில் நெடுநேரம் நிலைப்பதில்லை; மூன்று முதல் ஐந்து நிமிடங்களில் அதன் அளவு பாதியாகிவிடும். எனவே குற்றவாளிச் சுரப்பி அகற்றப்பட்ட பத்து நிமிடத்தில் இரத்தத்தைச் சோதித்தால், ஓமோன் பாதிக்குக் கீழே வீழ்ந்திருத்தல் வேண்டும். வீழ்ந்திருந்தால் கீறலை மூடலாம். வீழாவிடின் வேறொரு சுரப்பியும் பழுதுற்றுள்ளது எனக் கொண்டு தேடலைத் தொடரவேண்டும். மயாமியின் ஜோர்ஜ் ஏர்வின் 1990களில் வகுத்து நிலைநிறுத்திய விதி இது. நான்கு சுரப்பிகளையும் கண்ணாற் பார்த்துப் பெற்ற உறுதியை, ஒரு துளி இரத்தத்தின் இரசாயனக் கணிப்புத் தந்துவிடுகின்றது.

இவற்றின் துணையால் முன்னர் ஆறு முதல் பத்துச் சென்ரிமீற்றர் நீளமாயிருந்த கீறல் இரண்டு அல்லது மூன்று சென்ரிமீற்றராகச் சுருங்கியது. தகுதியான நோயாளருக்குக் கழுத்தை மட்டும் மரக்கச் செய்தே இதனைச் செய்யலாம். பலர் அன்றே அல்லது மறுநாளே வீடு திரும்புவர். 1996 இல் மிசெல் கான்யே கழுத்தினுள் வாயுவைச் செலுத்தி அகநோக்குக் கருவியாற் செய்த முதலாவது முயற்சி பல மணித்தியாலம் நீடித்ததோடு, வாயு தோலின்கீழ்ப் பரவும் தொல்லையையும் தந்தது. இத்தாலியின் பீசாவில் மிக்கொலி வாயுவைத் தவிர்த்து, ஒன்றரைச் சென்ரிமீற்றர்க் கீறலூடாக நுண்காணிக் கமராவை மட்டும் பயன்படுத்தினார். அண்மையில் தாய்லாந்தில் வளர்ச்சிபெற்ற, கீழுதட்டின் உட்புறத்தால் நுழையும் முறை கழுத்தில் வடுவையே விட்டுவைப்பதில்லை. இவற்றுட் சில தேவையினாற் பிறந்தவை; சில சந்தையினாற் பிறந்தவை. வடு தெரியக்கூடாதென்பது நோயாளியின் நியாயமான விருப்பமேயாயினும், அதனை விஞ்ஞானப் பாய்ச்சலாக விளம்பரஞ் செய்வது மிகை. சுவீடனின் லுண்ட் நகரில் நோயாளரை இரு பிரிவாக்கி ஒப்பிட்டு 2002 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஒருபக்கச் சத்திரசிகிச்சை பெற்றோரிடையே உடனடிக் கல்சியக் குறைவு குறைவாயிருந்தது. குணமாகும் வீதத்தில் இரு முறைகளும் ஏறத்தாழ ஒத்தே நின்றன. சிறு கீறலின் உண்மையான பயன் வேகம், நோவின்மை, பாதுகாப்பு ஆகியவற்றில் உள்ளது.

இனி வன்னிக்கு வருவோம்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து றொச்செஸ்ரர் நகரில் 1974 இல் இரத்தத்தின் கல்சியத்தைத் தானியங்கியாக அளக்கும் இயந்திரம் வழமைச் சோதனையில் இணைக்கப்பட்டது. உடனே இந்நோயாளரின் எண்ணிக்கை பன்மடங்காகியது. நோய் பெருகவில்லை, பார்வை பெருகியது. அன்றுமுதல் மேலைநாடுகளில் இது பெரும்பாலும் அறிகுறி எதுவுமற்ற, ஐம்பது வயதைக் கடந்த பெண்களிற் சோதனைத்தாளிலே கண்டறியப்படும் நோயாயிற்று. இந்தியாவிலோ, நாற்பதை அண்டிய வயதினர் என்புநோவோடும் முறிவோடும் கற்களோடும் வந்து சேர்வதையே மருத்துவ அறிக்கைகள் இன்றும் கூறுகின்றன. அதே சுரப்பி, அதே கட்டி. ஆயின் ஓரிடத்தில் அது ஓர் எண். மற்றோரிடத்தில் முறிந்த தொடையென்பு. இவ்வேறுபாட்டிற்கு விற்றமின் டீக் குறைபாடு ஒரு காரணம் எனப்படுகின்றது. பிந்திக் கண்டுபிடித்தலே பெருங்காரணம் என்பது எமது கருத்து.

வன்னியில் ஒருவருக்குச் சிறுநீரிற் கல் தோன்றினால், குற்றவாளி முன்னரே தீர்மானிக்கப்பட்டாயிற்று: கிணற்றுநீர். இந்நிலத்தின் தரைக்கீழ் நீர் பல இடங்களில் வன்மையானது என்பதும், கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுவதும் உண்மையே. கல்லுக்கு நீர்க்குறைவும் வெயிலில் வியர்த்தலும் காரணமாவதும் உண்மை. எனினும் இந்த உடனடி விடை வேறொரு வினாவை எழவிடாது தடுத்துவிடுகின்றது. வன்னீரிலுள்ள கல்சியம் பராதைரொயிட்டைத் தூண்டுவதில்லை. கல்சியம் கூடினாற் சுரப்பு அடங்கும் என்பதே மேற்கூறிய நியதி. ஆனாற் கல்லோடு வரும் நூறு பேரில் ஒரு சிலருக்கேனும் கழுத்திலுள்ள நெல்மணியளவான சுரப்பியே மூலகாரணமாயிருக்கும். அவர்களின் கல்லை எத்தனை முறை உடைத்தெடுத்தாலும் அது மீண்டும் வரும். கிணற்றை மாற்றினாலும் வரும். அவர்களைப் பிரித்தறிய வேண்டுவது ஒரு தடவை இரத்தக் கல்சியச் சோதனை. அது உயர்ந்திருந்தால் மட்டும் ஓமோன் சோதனை. மீளமீளக் கல் தோன்றும் ஒவ்வொருவருக்கும் இதனைச் செய்தல் ஆடம்பரமன்று.

மனச்சோர்வு பற்றி இன்னும் நிதானமாகப் பேசவேண்டும். 2009 ஆம் ஆண்டு வரையான போரின் இறுதிக்கட்டத்தை வன்னி மக்கள் எவ்வாறு கடந்தனர் என்பதும், பின்னர் செட்டிகுளத்து முகாம்களில் எவ்வாறு அடைபட்டிருந்தனர் என்பதும் ஈண்டு விரிக்க வேண்டாதன. வன்னியின் கூட்டு மனவடுவைப் பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியுள்ளார். இழப்பின் துயரை ஓர் இரசாயன அளவாகச் சுருக்குவது அறிவீனம் மட்டுமன்று, கொடுமையுமாகும். ஆயினும் அதன் மறுதலையும் உண்மை. எல்லாக் களைப்பையும், எல்லா உடல்நோவையும், எல்லா உறக்கமின்மையையும் போரின் கணக்கிலேயே எழுதிவிடும் பழக்கம், துயருற்ற ஒருவருக்கு வேறு நோயும் வரக்கூடும் என்னும் எளிய உண்மையை மறைத்துவிடுகின்றது. பிள்ளையை இழந்த தாய்க்கும் பராதைரொயிட் கட்டி உண்டாகலாம். கட்டியை அகற்றினால் துயர் போகாது. படியேறும் பலம் திரும்பலாம்.

இவையனைத்தும் முதன்மை நோயைப் பற்றியவை. வன்னியிற் பராதைரொயிட் மிகைத்தொழிற்பாட்டுக்கு இன்னொரு வாயில் உண்டு; அது அகலமானது. 1990களில் வடமத்திய மாகாணத்தின் உழவர்களிடையே கவனத்துக்கு வந்த, காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் விவசாயக் கிராமங்களையும் பாதித்துள்ளது. நீரிலுள்ள புளோரைட்டும் வன்மையும், விவசாய இரசாயனங்கள், பார உலோகங்கள், கடும் வெயிலில் நீரின்றி உழைத்தல் எனக் காரணங்கள் பல முன்வைக்கப்பட்டுள்ளன, முடிவு எட்டப்படவில்லை. ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் இதையொத்த நோய் வெயிலில் உழைக்கும் மக்களையே தெரிந்தெடுக்கின்றது. நோயின் காரணி எதுவாயினும், அது எந்த வர்க்கத்தின் உடலிற் குடியேறுகின்றது என்பதில் ஐயமில்லை.

சிறுநீரகம் தளரும்போது பொசுபேற்று வெளியேறாது தேங்குகின்றது. விற்றமின் டீ செயற்படு நிலைக்கு மாறுவதும் குறைகின்றது. இரத்தக் கல்சியம் தாழ முயலும். அதனை உயர்த்தும் பொருட்டு நான்கு சுரப்பிகளும் ஓயாது உழைத்து, ஆண்டுக்கணக்கிற் பருக்கின்றன. இதுவே துணைநிலை மிகைத்தொழிற்பாடு. இங்கு சுரப்பி குற்றவாளியன்று. கடமை தவறாத ஊழியன். இரத்தச் சோதனையில் ஓமோன் உயர்ந்திருக்கும், ஆனாற் கல்சியம் தாழ்ந்தோ சாதாரணமாகவோ இருக்கும் என்பது இரண்டையும் பிரித்தறியும் குறி. நான்கும் பருத்திருப்பதால், ஒன்றை மட்டும் தேடியெடுக்கும் சிறு கீறல் முறை இவர்களுக்குப் பொருந்தாது. பொசுபேற்றைக் கட்டுப்படுத்தும் உணவும் மருந்தும், செயற்படு விற்றமின் டீயும், சினகல்செற்று போன்ற புதிய மருந்துகளுமே முதற்சிகிச்சை. அவை தோற்குமிடத்து மூன்றரைச் சுரப்பிகளை அகற்றுவர். அல்லது நான்கையும் அகற்றி, ஒன்றின் துணுக்குகளை முன்கையின் தசையினுள் நட்டுவிடுவர். கழுத்தை மீண்டும் திறக்காமலே, தேவைப்பட்டாற் கையிலிருந்து அதனை எடுத்துவிடலாம் என்பதே அந்த நடுகையின் நோக்கம்.

ஆகவே சிறு கீறல் என்னும் செய்தியை வன்னியின் சிறுநீரக நோயாளர் அனைவருக்கும் உரிய நற்செய்தியாகப் பரப்புவது தவறான நம்பிக்கையை விதைப்பதாகும். அவர்களுக்கு வேண்டுவது நல்ல குடிநீரும், நோயை வேளையோடு கண்டறிதலும், மருந்தின் தடையற்ற வழங்கலுமாகும்.

முதன்மை நோயாளரின் நிலை வேறு. அவர்களுக்கு வேண்டியவற்றைப் பொருள்நிலையில் வைத்து எண்ணிப் பார்க்கலாம். செசுற்றமிபிப் படத்துக்குரிய தெக்னீற்றியம் ஆறு மணித்தியாலத்திற் பாதியாகிவிடுவது. அதனைப் பெற்றெடுக்கும் மொலிப்தீனக் கலமோ ஏறத்தாழ 66 மணித்தியாலத்திற் பாதியாகும். அது வெளிநாட்டிலிருந்து வானூர்தியில் ஒழுங்காக வந்துகொண்டேயிருத்தல் வேண்டும். அணுமருத்துவப் பிரிவு என்பது ஒரு கட்டடமன்று. அறாத விநியோகச் சங்கிலி. பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் கொழும்பிலும் அத்தகைய வசதி அமைந்தமை இயல்பே. 1990களின் பொருளாதாரத் தடையையும், 2006 இல் மீண்டும் மூடப்பட்ட ஏ-9 வீதியையும் கண்ட கிளிநொச்சியில் அக்காலத்தில் அது அமைந்திருக்க வழியில்லை. ஆனாற் கழியொலிப் படம் அப்படிப்பட்டதன்று. அதற்கு வேண்டுவது மின்சாரமும் பழகிய கையுமே. கழுத்துச் சுரப்பியைத் தேடப் பழகிய ஒரு கதிரியல் வைத்தியர் மாவட்ட வைத்தியசாலையிலேயே பெரும்பாலான கட்டிகளை இனங்காண முடியும். இடம் தெளிவாகாதவர்களை மட்டும் தொலைவுக்கு அனுப்பினாற் போதும். சத்திரசிகிச்சை நடுவே ஓமோனை அளக்கும் கருவி இல்லாத இடத்தில், நான்கு சுரப்பிகளையும் பார்க்கும் பழைய முறையைக் கையாள்வதில் வெட்கப்பட ஏதுமில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரைக் குணமாக்கிய முறை அது.

சத்திரசிகிச்சையின் பின்னரான நாட்களைப் பற்றியும் ஒரு சொல். நெடுங்காலம் கல்சியத்தை இழந்துவந்த என்பு, ஓமோன் வீழ்ந்த மறுகணமே இரத்தத்திலிருந்து அதனைப் பசியோடு உள்ளிழுக்கத் தொடங்கும். உதட்டைச் சுற்றியும் விரல்நுனிகளிலும் கூச்சம் தோன்றும். கவனியாதுவிடின் கைகால் இழுக்கும், வலிப்பும் வரலாம். என்புநோய் முற்றியிருந்தோரில், அதாவது நம் நாடுகளில் வந்து சேரும் நோயாளரைப் போன்றோரில், இது கடுமையாயிருக்கும். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை கல்சியம் மிகத் தாழும் காலம். அன்றே வீடு திரும்பலாம் என்னும் மேலைநாட்டுக் கணக்கு, வைத்தியசாலைக்கு அருகே குடியிருப்போரை மனதிற்கொண்டு போடப்பட்டது. துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ யாழ்ப்பாணத்துக்கு அல்லது கொழும்புக்கு வந்தவரைக் கல்சிய வில்லைகளுடன் அன்றிரவே பஸ் ஏற்றிவிடுதல் ஆகாது. அவரை நாலைந்து நாள் வைத்திருத்தல் வேண்டும். அல்லது அவரது ஊருக்கு அண்மையிலுள்ள வைத்தியசாலையில் மூன்றாம் நாள் கல்சியச் சோதனையும், தேவைப்பட்டால் நாளத்தினூடாகக் கல்சியம் ஏற்றுவதற்கான ஆயத்தமும் உள்ளனவென்பதைத் தொலைபேசியில் உறுதிசெய்த பின்னரே அவரை அனுப்புதல் வேண்டும்.